தேர்ச்சி விழுக்காடு குறைந்ததற்கு விளக்கம் கேட்டிருக்கிறார்கள், என்ன எழுதலாம்?

சுண்ணக்கட்டி:

கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். இந்த 2025 மார்ச்சில் எங்கள் பத்தாம் வகுப்பில் 23 பேர் எழுதினார்கள், 20 பேர் தேர்ச்சி. மீதி மூன்று பேரும் போனது என் பாடத்தில்தான். ஆக 87 விழுக்காடு. மாநிலத் தேர்ச்சி 93.80. மீளாய்வுக் கூட்டத்தில் மைக்கைக் கையில் கொடுத்து, எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னார்கள். இப்போது எழுத்து மூலமாகவும் விளக்கம் வேண்டுமாம்.

அந்த மூவரில் இரண்டு பேர் அரையாண்டுத் தேர்வுக்கு அப்புறம் பள்ளிக்கே வராதவர்கள். பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். பெண்ணை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். நானும் வகுப்பாசிரியரும் வீடு தேடிப் போய்ப் பேசி, ஹால் டிக்கெட்டைக் கையில் கொடுத்து எழுத வைத்தோம். மற்ற நான்கு பாடங்களிலும் இருவரும் தேறிவிட்டார்கள். கணக்கில் பையன் 28, பெண் 31.

'மெல்லக் கற்போருக்குச் சிறப்பு வகுப்பு நடத்தியும்...' என்று வழக்கமான பாணியில் எழுதிக் கொடுத்துவிடலாமா, நடந்ததை நடந்தபடி எழுதலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சைக்கிள் எச்.எம்.:

முதலில் பயப்படாதீர்கள் அம்மா. விளக்கம் கேட்பது வேறு, ஒழுங்கு நடவடிக்கைக்கான 17ஏ, 17பி குறிப்பாணை வேறு. நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில் இப்படிப்பட்ட விளக்கம் ஒரு கட்டே எழுதியிருப்பேன். ஒரு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். 'வருந்துகிறேன்', 'இனி இவ்வாறு நேராது' என்று எழுதவே கூடாது. அடுத்த வருடம் வேறொருவர் கோப்பைப் புரட்டும்போது அது ஒப்புக்கொண்ட மாதிரி நிற்கும். சிறப்பு வகுப்புப் பதிவேடு, பெற்றோர் சந்திப்புப் பதிவேடு நகல் இருந்தால் இணையுங்கள்.

கூட்டல்கழித்தல்:

டீச்சர், உங்கள் எண்களை வைத்தே ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். நம் மாநிலத்தில் தேர்ச்சி விழுக்காடு என்பது தேர்வு எழுதியவர்களை வைத்துத்தான் வருகிறது. 2025ல் 8,71,239 பேர் எழுதினார்கள், 8,17,261 பேர் தேறினார்கள், அதனால் 93.80. எழுத வராதவர்கள் இந்த வகுத்தலில் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

இப்போது உங்கள் பள்ளி. அந்த இருவரையும் நீங்கள் தேடிப் போகவில்லை என்று வையுங்கள். 21 பேர் எழுதியிருப்பார்கள், 20 பேர் தேர்ச்சி. 95.2 விழுக்காடு. மாநில சராசரிக்கு மேலே! மைக் உங்கள் கைக்கு வந்திருக்காது. பாராட்டுச் சான்றிதழ்கூட வந்திருக்கலாம்.

இதை அப்படியே எழுதிக் கொடுங்கள் என்பேன்.

சைக்கிள் எச்.எம்.:

கணக்கு சரி தம்பி. ஆனால் அந்தத் தொனியில் எழுதினால் 'அப்போ வராத பிள்ளைகளை விட்டுவிடச் சொல்கிறீர்களா' என்று திருப்புவார்கள். மேலே இருப்பவர்களும் வராத பிள்ளைகளைக் கொண்டுவரச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழிப் பாடத்துக்கு முதல் நாளே 50 ஆயிரத்துக்கு மேல் வரவில்லை என்று சட்டமன்றம் வரை பேச்சானது நினைவிருக்கிறதா? அதிலிருந்து நீண்டநாள் வராதவர்களைத் தேடிப் பிடிப்பது ஒரு தனி வேலையாகவே ஆகிவிட்டது.

கூட்டல்கழித்தல்:

சார், நீங்கள் சொன்னதுதான் என் கட்சியே. ஒரு கூட்டத்தில் 'ஒரு பிள்ளைகூட விடுபடக் கூடாது' என்கிறோம், அடுத்த கூட்டத்தில் விடுபட்ட பிள்ளையைக் கணக்கில் சேர்க்காத ஓர் எண்ணை வைத்துப் பள்ளிகளை வரிசைப்படுத்துகிறோம். ஆசிரியர் இதில் எதைக் கேட்பார்? எதற்கு விளக்கம் கேட்கிறார்களோ அதைத்தான்.

இன்னொன்று. 23 பேர் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளை என்பது 4.3 விழுக்காடு. 21 பேர் தேறினால் 91.3, 22 பேர் தேறினால் 95.7. இடையில் எதுவும் வராது. ஒரு பையனுக்குக் காய்ச்சல் வந்தால் பள்ளி 'சராசரிக்குக் கீழே' போய்விடும். எந்தத் தரவரிசையை எடுத்தாலும் உச்சியிலும் அடியிலும் சின்னப் பள்ளிகளாகவே இருப்பதற்குக் காரணம் இதுதான். 300 பேர் எழுதும் பள்ளியில் ஒருவர் இருவர் போவது தெரியவே தெரியாது. அந்தப் பள்ளியையும் உங்கள் பள்ளியையும் ஒரே பட்டியலில் போட்டு மூன்று வருடச் சராசரிகூட எடுக்காமல் ஒரு மார்ச்சை வைத்துப் பேசுவது கணக்கே இல்லை.

அண்ணாநகர் அம்மா:

தனியார் பள்ளிப் பெற்றோராக ஒன்று சொல்லட்டுமா? நீங்களாவது தேடிப் போய் எழுத வைக்கிறீர்கள். என் தங்கை மகனை ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டு, 'பத்தாம் வகுப்பை இங்கே சமாளிக்க மாட்டான், டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒன்பதிலேயே நிறுத்திவிடுவோம்' என்று மென்மையாகச் சொல்லி அனுப்பினார்கள். பெயர் வேண்டாம். வாசலில் ஆள் உயர ஃபிளெக்ஸில் 'தொடர்ந்து நூறு விழுக்காடு' என்று இன்றும் தொங்குகிறது. அவன் அரசுப் பள்ளியில் சேர்ந்து 200 சொச்சம் எடுத்துத் தேறிவிட்டான்.

2017ல் மாநில முதலிடம், இரண்டாமிடம் அறிவிப்பதை நிறுத்தியபோது நாங்கள் எல்லாம் மகிழ்ந்தோம். ஃபிளெக்ஸ் கடைக்காரருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

பின்லாந்து ரசிகர்:

இதற்கெல்லாம் ஒரே தீர்வு பொதுத்தேர்வையே ஒழிப்பதுதான். பின்லாந்தில் தேர்வே கிடையாது.

மாதிரிக்கூறு:

பின்லாந்தில் மேல்நிலைக் கல்வி முடியும்போது நாடு முழுக்க ஒரே பொதுத்தேர்வு உண்டு. அதை வைத்துத்தான் பெரும்பாலும் பல்கலைக்கழகச் சேர்க்கை. கீழ் வகுப்புகளில் நாடு தழுவிய அடைவுத் தேர்வும் நடக்கிறது, மாதிரிக்கு எடுத்த சில பள்ளிகளில் மட்டும். அதில் பள்ளிவாரிப் பட்டியல் வெளியிட மாட்டார்கள். தேர்வு உண்டா இல்லையா என்பதைவிட, அதன் முடிவு யார் தலையில் விழுகிறது என்பதைப் பாருங்கள்.

(மதிப்பீட்டுத் துறையில் வேலை பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

நாம் தேர்வு என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேலைகளைச் செய்கிறோம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு சான்றிதழ் கொடுக்க வந்தது. இந்தப் பிள்ளை அடுத்த படிக்குப் போகலாமா என்பதற்கு மட்டும் அது விடை. இரண்டாவது வகை, பிள்ளைக்கு எது வரவில்லை என்று ஆசிரியர் கண்டுபிடிக்கப் பயன்படுவது. தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக மூன்று நிலைகளாகப் பிரிக்கிறோமே, அது. மூன்றாவது, ஒரு மாவட்டமோ மாநிலமோ எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ஆய்வு. தேசிய அடைவு ஆய்வு, ஏசர் எல்லாம் இந்த வகை.

ஏசர் எப்படி நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? 2005 முதல் ஊரகப் பகுதிகளில் வீடு வீடாகப் போகிறார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளை, போகாத பிள்ளை எல்லாரையும் பார்க்கிறார்கள். ஒரு தாளைக் கொடுத்து, எழுத்து, சொல், சிறு பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை என்று வாசிக்கச் சொல்கிறார்கள். எந்தப் பள்ளியின் பெயரும் வெளியே வராது. அதனால் யாருக்கும் அதில் பொய் சொல்லும் தேவை இல்லை. நமக்கு அந்த முடிவுகள் கசக்கின்றன, அது வேறு விஷயம்.

பொதுத்தேர்வு முடிவை எடுத்து மூன்றாவது வேலையைச் செய்ய வைக்கிறோம் பாருங்கள், அங்கேதான் கோளாறு. வினாத்தாளின் கடினம் வருடத்துக்கு வருடம் மாறுகிறது. அதைச் சமன்செய்ய எந்த ஏற்பாடும் இல்லை. 2024ல் 91.55, 2025ல் 93.80 என்றால் பிள்ளைகள் முன்னேறினார்களா, தாள் எளிதாக வந்ததா? இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. நோய்த்தொற்றுக் காலத்தில் 2020ல் எல்லாரையும் தேர்ச்சி என்றார்கள். அந்த வருடம் எல்லாப் பள்ளியும் நூறு. அந்த நூறு கல்வியைப் பற்றி எதையும் சொல்லாது என்று அப்போது எல்லோருக்கும் புரிந்தது.

சுண்ணக்கட்டி:

தாள் என்றதும் இதைச் சொல்ல வேண்டும். கணக்கில் மெல்லக் கற்போருக்கு நாங்கள் என்ன செய்கிறோம் தெரியுமா? ஒரு மார்க் வினாக்கள் 14. செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. மொத்தம் 30. இன்னும் ஓர் ஐந்து மார்க் வினா வந்துவிட்டால் 35. ஜனவரியில் இருந்து இதுதான் வகுப்பு. ஒரு மார்க் கேள்வி எல்லாம் புத்தகத்தின் பின்பக்கத்தை மனப்பாடம். வட்டத்துக்குத் தொடுகோடு அழகாக வரைவான். முக்காலில் இருந்து மூன்றில் ஒன்றைக் கழிக்கத் தெரியாது.

திருப்பூர் பையன் ஜனவரியில் வகுப்பில் இல்லை. அதனால்தான் 28. அவனுக்குக் கணக்கு வராதா என்றால், மூன்று பேரில் அவன்தான் மனக்கணக்கில் கெட்டி.

சைக்கிள் எச்.எம்.:

நீங்கள் எல்லோரும் விழுக்காட்டைத் திட்டுகிறீர்கள். நான் கொஞ்சம் அதன் பக்கம் நிற்கிறேன்.

நான் பணியில் சேர்ந்த காலத்தில் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் பாதிப் பேர் போவது இயல்பு. யாரும் கேட்க மாட்டார்கள். 'காலனிப் பிள்ளைகள் சார், எங்கே படிக்கும்' என்று ஆசிரியர் அறையில் கூசாமல் பேசுவார்கள். கணக்குக்கு ஆளே இல்லாமல் ஒரு வருடம் ஓடியது உண்டு. இந்த விழுக்காடு, மீளாய்வு, விளக்கம் எல்லாம் வந்த பிறகுதான் காலிப் பணியிடத்துக்குத் தற்காலிகமாகவாவது ஒருவரைப் போட்டார்கள். மாலை வகுப்பு வந்தது. டீச்சர் சொன்ன அந்த 30 மார்க் பயிற்சியை நீங்கள் கேலி செய்யலாம். 35 எடுத்தவன் ஐ.டி.ஐ. போனான், பாலிடெக்னிக் போனான். எடுக்காதவன் இன்னும் செங்கல் சூளையில் இருக்கிறான். எனக்கு இரண்டு பேரையும் தெரியும்.

எண்ணை எடுத்துவிட்டால் மறுபடி யாரும் அந்தப் பள்ளியைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

மாதிரிக்கூறு:

அய்யா சொல்வதை மறுக்க மாட்டேன். இந்த இழையிலேயே கனமான வாதம் அதுதான்.

ஜார்ஜியா வாசி:

அமெரிக்காவில் இதே வாதத்தோடுதான் 2002 ஜனவரியில் ஒரு சட்டம் வந்தது. 2014க்குள் ஒவ்வொரு பிள்ளையும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்ச்சி, நூற்றுக்கு நூறு. இலக்கை எட்டாத பள்ளிக்கு ஆண்டுக்கு ஆண்டு கடுமையாகும் நடவடிக்கை. அதில் ஒரு நல்ல அம்சம் இருந்தது: பள்ளியின் மொத்தச் சராசரி மட்டும் போதாது, கறுப்பினப் பிள்ளைகள், ஏழைப் பிள்ளைகள், மாற்றுத்திறன் உள்ளவர்கள், ஆங்கிலம் புதிதாகக் கற்பவர்கள் என்று தனித்தனியாகக் காட்ட வேண்டும். எச்.எம். சார் சொல்லும் 'காலனிப் பிள்ளைகளை' சராசரிக்குள் ஒளிக்க முடியாது.

அடுத்தது என்ன நடந்தது என்பதற்கு நான் இருக்கும் அட்லாண்டாவே சாட்சி. மதிப்பெண்கள் மளமளவென்று ஏறின. கல்விக் கண்காணிப்பாளர் பெவர்லி ஹால் 2009ல் நாட்டிலேயே சிறந்தவர் என்று விருது வாங்கினார். அப்புறம் விடைத்தாள்களில் தப்பான விடையை அழித்துச் சரியானதை நிரப்பிய தடயங்கள் நம்பவே முடியாத அளவில் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 2011ல் வந்த விசாரணை அறிக்கையில் 44 பள்ளிகள், 178 ஆசிரியர்களும் முதல்வர்களும். 2015ல் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு, அதுவும் கும்பல் குற்றங்களுக்கான சட்டத்தில். ஹால் வழக்கை எதிர்கொள்ளும் முன்பே புற்றுநோயில் இறந்துவிட்டார்.

பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று என்பதைத்தான் பலர் கேட்பதில்லை. தாளில் 'தேர்ச்சி' என்று வந்துவிட்டதால் அவர்களுக்குக் கிடைக்க வேண்டிய கூடுதல் உதவி கிடைக்காமல் போனது. 2015 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதில் வேறு சட்டம் வந்தது.

தொடக்கப்பள்ளி டீச்சர்:

இதைப் படித்ததும் நெஞ்சு படபடத்தது. எங்கள் பக்கம் அரும்பு, மொட்டு, மலர் நிலையைச் செயலியில் ஏற்றச் சொல்கிறார்கள். ஏற்றினால் 'ஏன் இன்னும் இத்தனை பேர் அரும்பிலேயே இருக்கிறார்கள்' என்று கேள்வி வரும். அடுத்த தடவை யாரும் அரும்பில் இருக்க மாட்டார்கள். அழிரப்பர் தேவையில்லை, விரலால் ஒரு தட்டு போதும்.

நியாயமாகப் பார்த்தால் அந்தப் பட்டியல் எனக்கு மட்டும்தான் வேண்டும். யாருக்குச் சொல் வாசிப்பு, யாருக்கு எழுத்து அடையாளம் என்று பிரித்து உட்கார வைக்க.

கிளிநொச்சிக்காரன்:

எங்கள் பக்கத்துக் கதையையும் சொல்கிறேன். இலங்கையில் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை, வசதி குறைந்த கெட்டிக்காரப் பிள்ளைக்கு உதவிப்பணமும் நல்ல பாடசாலையில் இடமும் கொடுக்க வந்தது. நல்ல நோக்கம். இப்போது வெட்டுப்புள்ளிக்கு மேலே எத்தனை பேர் என்று பாடசாலையையும் வலயத்தையும் அளக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு நாலாம் தரத்தில் இருந்தே டியூசன். வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி குறைந்த பிள்ளை வீட்டில் பெயிலான பிள்ளை மாதிரி இருக்கும். எங்கள் அதிபர் (உங்கள் பக்கத்துத் தலைமையாசிரியர்) ஒருவர், எட்டாது என்று தெரிந்த பிள்ளைகளைப் பின்வாங்கில் விட்டு, வெட்டுப்புள்ளிக்குக் கிட்ட நிற்கிற பிள்ளைகளுக்கு மட்டும் விசேட வகுப்பு வைப்பார். மற்றப்படி நல்ல மனிசன்.

மாதிரிக்கூறு:

கிளிநொச்சி நண்பர் சொன்னது உலகம் முழுக்க நடக்கிறது. டெக்சாஸ் பள்ளிகளில் இதை ஆய்வாகவே எழுதியிருக்கிறார்கள். எங்கே கோடு கிழிக்கிறோமோ அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்குத்தான் பாடம் நடக்கும். 10 மார்க் எடுப்பவனை 25க்குக் கொண்டுவந்த ஆசிரியருக்கும், 60 எடுப்பவளை 90க்குக் கொண்டுபோனவருக்கும் தேர்ச்சி விழுக்காட்டில் ஒரு புள்ளிகூடக் கிடையாது.

இங்கிலாந்தில் இதை மாற்றத்தான் 2016ல் முன்னேற்றத்தை அளக்கும் முறைக்குப் போனார்கள். பதினொரு வயதில் ஏறக்குறைய இதே நிலையில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டால் இந்தப் பள்ளியில் படித்தவர்கள் பதினாறு வயதில் எவ்வளவு முன்னே இருக்கிறார்கள் என்று பார்ப்பது. தேர்ச்சிக் கோட்டைவிட எவ்வளவோ மேல். ஆனால் கடைசி வருட ஜனவரிக் கணக்கெடுப்பில் பெயர் இருக்கும் பிள்ளைகள்தான் பள்ளியின் கணக்கில் சேர்வார்கள். அதற்கு முன்பு சிலரைப் பெயர் நீக்கி அனுப்பும் பழக்கம் வந்துவிட்டது. அண்ணாநகர் அம்மாவின் ஒன்பதாம் வகுப்பு டி.சி.தான், குளிர்நாட்டில்.

எச்.எம். சாருக்கு என் பதில் இதுதான்: எண் இருக்கட்டும். வகுக்கும் எண்ணை மாற்றுங்கள். 2022 ஜூனில் எட்டாம் வகுப்பில் இருந்தவர்கள் எத்தனை பேர்? 2025ல் அவர்களில் எத்தனை பேர் எங்கேயாவது பத்தாம் வகுப்பு தேறியிருக்கிறார்கள்? எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் இருக்கிறது, பள்ளி மாறினாலும் அந்த எண் மாறாது. டி.சி. கொடுத்து அனுப்பிய பிள்ளை பழைய பள்ளியின் கணக்கிலும் நிற்கும். ஆசிரியர்களை இரவு பதினொரு மணி வரை எமிஸில் ஏற்ற வைக்கிறோமே, இந்த ஒரு கேள்விக்காவது அது பயன்படட்டும்.

சைக்கிள் எச்.எம்.:

இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஊரை விட்டே குடும்பத்தோடு போய்விட்ட பிள்ளைக்கும் பள்ளிதான் பொறுப்பா? எங்கள் பக்கம் கரும்பு வெட்டப் போனால் ஆறு மாதம் வர மாட்டார்கள்.

மாதிரிக்கூறு:

முழுப் பொறுப்பு இல்லை அய்யா. அதனால்தான் அந்த எண்ணை வைத்து விளக்கம் கேட்கக் கூடாது. எங்கே பிள்ளைகள் நழுவுகிறார்கள் என்று பார்த்து அங்கே ஆளும் பணமும் விடுதியும் அனுப்பப் பயன்படுத்த வேண்டும். கரும்பு வெட்டப் போகும் ஊர் என்றால் பருவகால விடுதி தேவை என்று அது காட்டும். மைக்கைக் கொடுத்து எழுப்பி நிற்க வைத்தால் இந்த எண்ணும் இரண்டே வருடத்தில் கெட்டுப்போகும்.

பின்லாந்து ரசிகர்:

சரி, நான் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

அண்ணாநகர் அம்மா:

வேண்டாம், அழகான பெயர்.

சுண்ணக்கட்டி:

எல்லோருக்கும் நன்றி. இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

'எமது பள்ளியில் பெயர்ப்பட்டியலில் இருந்த 23 பேரும் தேர்வு எழுதினர். ஒருவரும் விடுபடவில்லை. இவர்களில் இருவர் அரையாண்டுக்குப் பின் இடைநின்று, ஆசிரியர்களின் முயற்சியால் தேர்வுக்கு அழைத்து வரப்பட்டவர்கள். இருவரும் கணிதம் தவிர ஏனைய நான்கு பாடங்களிலும் தேர்ச்சி பெற்றுள்ளனர். தேர்ச்சி பெறாத மூவருக்கும் ஜூலை துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கப்பட்டு, மாலை நேரப் பயிற்சி நடைபெற்று வருகிறது. அவ்விருவரும் தேர்வுக்கு வராதிருந்தால் பள்ளியின் தேர்ச்சி 95.2 விழுக்காடாக இருந்திருக்கும் என்பதைப் பணிந்து தெரிவித்துக்கொள்கிறேன்.'

கடைசி வரியை விடலாமா, எடுக்கலாமா என்றுதான் குழப்பம்.

கூட்டல்கழித்தல்:

அதை மட்டும் எடுக்காதீர்கள்.

சைக்கிள் எச்.எம்.:

இருக்கட்டும். 'பணிந்து' இருப்பதால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. 'ஒருவரும் விடுபடவில்லை' என்பதற்கு அடிக்கோடு போடுங்கள். வருகைப் பதிவேட்டின் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரிப் பக்கங்களின் நகலை இணைப்பு ஒன்று எனப் போடுங்கள். தலைமையாசிரியர் கையெழுத்தோடு முறையான வழியில் அனுப்புங்கள். வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டோம் என்று விட்டுவிடாதீர்கள். அலுவலகத்தில் நேரில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கி வையுங்கள்.

ஜூலைத் தேர்வில் மூவரும் தேறினாலும் மார்ச் விழுக்காடு மாறாது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு மாறும்.